மேற்கு தாம்பரத்தில் கரண்ட் வருவதற்குள்

"என் பொண்டாட்டி ஸ்விட்சைப் போட்டா முடிஞ்சுது, மச்சான்!"

பீச்சிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் எதிர் சீட்டுக்காரர் இப்படிச் சொன்னதும், நான் படிக்காத பேப்பரை இன்னும் மும்முரமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

"காலைல கம்ப்யூட்டர்ல புது ப்ராசசர் மாட்டினப்பவே, பழைய மதர்போர்டுக்கு ஒத்துவருமான்னு பாக்க மாட்டியாடா?" என்றார் பக்கத்திலிருந்த நண்பர்.

"கச்சிதமா உக்காந்துச்சே!"

"உக்காந்தா ஆச்சா? அந்த போர்டு குடுக்கற வோல்டேஜ் இதுக்கு ஜாஸ்தி. ஆன் பண்ணா கருகிடும்."

"ஆபீசுக்கு லேட்டாச்சுன்னு ஆன் பண்ணாமலே வந்துட்டேன். அவ வேலை பாக்கற ஸ்கூல்லேர்ந்து ஆறரைக்கு வந்து, காலேஜ் பையன் ஒருத்தனோட தீசிஸை டைப் பண்ண உக்காருவா. நாளைக்குக் குடுத்தாகணும்."

"எறங்கினதும் ஒரு போன் பண்ணிடேன்டா."

"எங்க வூட்ல ஏதுடா போன்?"

குரோம்பேட்டை வந்தது. நான் இறங்க வேண்டிய ஸ்டேஷன். இறங்கவில்லை. என் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. இருந்தும் எனக்கு வியர்த்துக் கொட்டியது.

தாம்பரத்தில் மேற்குப் பக்கம் முழுக்க இருட்டு. கடைகளில் மெழுகுவத்தி.

"எங்க ஏரியால கரண்ட் இல்ல! தப்பிச்சேன்!" என்று அவர் கத்தினார். கரண்ட் போனதற்குக் கும்பிடு போட்ட மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

"எப்பப் போச்சோ, அவ அதுக்கு முன்னாடியே போட்டிருந்தா?" என்றார் நண்பர்.

"மணி ஆறேகால்தானேடா, இன்னும் வந்திருக்க மாட்டா!"

"ஒன் வூட்டுக்கு அரை மணி நடக்கணுமே, அதுக்குள்ள அவ வந்துடுவா. கரண்ட் வர்றதுக்குள்ள ஓடு!"

ஓடினார். ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் பாதிகூடத் தாண்டியிருக்க மாட்டார். மெழுகுவத்திகளுக்கு மேலே டியூப்லைட்டுகள் ஒவ்வொன்றாக மினுக்க ஆரம்பித்தன.