தொண்ணூற்றிரண்டுக்கு மேல் வேண்டாம்

நான் போடும் தேநீருக்கு என் கணவர் பத்துக்கு ஆறுக்கு மேல் கொடுத்ததில்லை. முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு திருத்துவதற்கு வீட்டில் நான் ஒருத்திதான் மிச்சம். மடித்த துணிக்கு ஏழு. விருந்தாளிகளிடம் பேசிய விதத்துக்கு நாலரை. அந்த அரை மார்க், வாயை மூடிக்கொண்டிருந்த கடைசிப் பத்து நிமிடத்துக்கு.

குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. விசாரிக்க வந்த உங்களுக்கு வீட்டு நிலவரம் தெரிய வேண்டும் அல்லவா. என் நாத்தனார் அந்த டியூட்டி டாக்டர் பெண்மேல் புகார் கொடுத்திருக்கிறார். அவள்மேல் தவறு இல்லை. அதைச் சொல்லத்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்தேன்.

அவருடைய நுரையீரல் கெட்டது சிகரெட்டால். ஆனால் அந்த வார்த்தை எங்கள் வீட்டில் புழங்காது. பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிற வாத்தியார் ஊதினார் என்றால் நன்றாகவா இருக்கும்? அதனால் அவருடைய அக்காவான என் நாத்தனார் அந்த நோய்க்கு ஆஸ்துமா என்று பெயர் வைத்தார். கேட்டவர்களிடமெல்லாம், "தம்பிக்குச் சின்ன வயசுலேர்ந்தே இழுப்பு" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் நாத்தனாரே அதை நம்பிவிட்டார்.

பார்க்கிறவர்களுக்கு இரண்டு நோயிலும் மூச்சு ஒரே மாதிரிதான் இழுக்கும். வைத்தியம்தான் ஓரிடத்தில் பிரிகிறது. இவருக்கு ஆக்ஸிஜனை அளந்துதான் கொடுக்க வேண்டும். அளவு மீறினால் வெளியே போக வேண்டிய கெட்ட காற்று உள்ளேயே தேங்கி, ஆள் மயங்கிவிடுவார். முதல் தடவை அப்படி ஆகி, நாலு நாள் இயந்திரத்தில் கிடந்தார். பிழைத்ததும் நுரையீரல் டாக்டர் ஒரு மஞ்சள் அட்டை எழுதி என் கையில் கொடுத்தார். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றிரண்டு வரை. அதற்கு மேல் வேண்டாம்.

"வாசல்லயே காட்டிடுங்கம்மா. ஸ்ட்ரெச்சர்லேர்ந்து இறக்கறதுக்கு முன்னாடியே" என்றார்.

அதற்குப் பிறகு ஆறு தடவை மூச்சு முட்டி ஓடினோம். ஆறு தடவையும் காட்டினேன். ஆறு தடவையும் நாத்தனார் திரையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"தொண்ணூறுதானா? நூத்துக்கு நூறு வாங்கின குடும்பம் இது. கொஞ்சம் தாராளமாத்தான் வைங்களேன், உங்க வீட்டுக் காத்தா?"

நான் அட்டையை நீட்டுவேன்.

"ஆமா, இவ பெரிய டாக்டருக்குப் படிச்சவ."

வீடு திரும்பியதும், பார்க்க வருகிறவர்களிடம் என் கணவர் சொல்வார்: "அக்கா மட்டும் கூட நிக்கலேன்னா போய்ச் சேர்ந்திருப்பேன்." நான் தேநீர் கொண்டுவந்து வைப்பேன். ஐந்தரை.

கடைசியாக வீட்டுக்கு அனுப்பும்போது நுரையீரல் டாக்டர், "சார், உங்களைக் காப்பாத்தறது நாங்க இல்ல, உங்க வீட்டம்மாதான்" என்றார். எனக்குக் காது மடல் சுட்டது. அந்த வாக்கியத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், கையிலிருந்த மாத்திரைச் சீட்டை நாலாக மடித்தேன். என் கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சிரித்தார்.

"வெறும் மனப்பாடம் டாக்டர். அட்டைல இருக்கறத ஒப்பிப்பா. கேள்விய மாத்திக் கேளுங்க, முட்டைதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூட்டத்தோடு சிரிப்பதில் நான் எட்டு வரை வாங்கியிருக்கிறேன்.

அடுத்த தடவை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு. வழக்கமான ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லாததால் இங்கே கொண்டுவந்தோம். இங்கே யாருக்கும் அவரைத் தெரியாது. டியூட்டி டாக்டர் என்ன வியாதி என்று கேட்டாள். நாத்தனார் முந்திக்கொண்டார்.

"ஆஸ்துமா டாக்டர். சின்ன வயசுலேர்ந்தே."

"சிகரெட் பழக்கம்?"

"வாத்தியார் டாக்டர் அவன். அந்த வாசனையே ஆகாது."

என் கணவர் பேசும் நிலையில் இல்லை. அந்தப் பெண் கெட்டிக்காரி. என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்கம்மா. பழைய சீட்டு, அட்டை எதாவது இருக்கா?"

அட்டை என் கைப்பையில் இருந்தது. "எனக்கென்ன தெரியும் டாக்டர். அவங்க அக்காவுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது? அந்த வீட்டில் எல்லோரும் சொல்லிவந்ததைத்தான் நானும் சொன்னேன்.

பை தொங்கும் பெரிய முகமூடியை வைத்தார்கள். பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். அதற்குள் ஒரு வேன் கவிழ்ந்து பதினோரு பேரைக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தப் பெண் அங்கே ஓடினாள். திரையில் எண் ஏறியது. தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றெட்டு. நூறு. நாத்தனாருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"பாத்தியா? இத்தனை வருஷமா இந்த நூறைத்தானே கேட்டேன்."

சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு மார்க்கைச் சொன்னார். என் கணவருக்குக் கண் சொக்கியது. மணிக்கட்டு விட்டுவிட்டுத் துள்ளியது. முதல் தடவை இயந்திரத்தில் போடுவதற்கு முன் நான் பார்த்த அதே துள்ளல்.

"கனவுலயும் போர்டுல எழுதறான் பாரு" என்றார் நாத்தனார்.

நான் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டேன். குழாய்த் திருகில் என் விரல் படவே இல்லை. அதை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் வேறு யாருக்கும் தெரியாது. நாத்தனார் போனோடு வெளியே போயிருந்தபோது அவர் கண்ணைத் திறந்தார். திரையைப் பார்த்தார். எண்களைப் படிக்கத் தெரிந்தவர் அல்லவா. முகமூடியை மோவாய்க்கு இழுத்துவிட்டு, "அட்டை" என்றார். வார்த்தை குழறியது. "அட்டையக் காட்டு. உனக்குத்தான் தெரியும்."

எனக்குத்தான் தெரியும். எத்தனை வருடம் கழித்து.

முகமூடியை எடுத்து அவர் மூக்கின்மேல் பொருத்தினேன். நாடாவை இரண்டு பக்கமும் இழுத்துச் சரிசெய்தேன். மறுபடி கழற்றிவிடப் போகிறாரே என்று அவருடைய இரண்டு கைகளையும் என் கைகளுக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முதலில் கொஞ்சம் பலம் இருந்தது. பிறகு இல்லை. அப்போதும் நான் விடவில்லை.

நாத்தனார் உள்ளே வந்து, நான் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "உன்ன மாதிரி ஒரு பொண்டாட்டி யாருக்கும் கிடைக்கமாட்டா" என்று என் தோளைத் தடவினார். அதை அவர் சொன்னபடியே, ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.