வாலில் இரண்டு ஓட்டை

கதவைச் சாத்திவிட்டுக் கிட்டே வந்து உட்காருங்கள். என் கூட்டாளி விஜயபாஸ்கரின் கூடப்பிறந்த அண்ணன் ஐயப்பனுக்கு இரண்டாயிரத்து நாலில் நடந்தது இது.

அந்தி மக்ரிப் பாங்கு ஓய்ந்த நேரம்... சவூதியில் தம்மாம் நகருக்கு வெளியே மணலைத் தவிர வேறு நாதியில்லாத சாலை. அதன் முனையில் ஒரு ரவுண்டானா. நடுவே பழைய பிரிட்டிஷ் போர் ஜெட் ஒன்றைக் காட்சிக்கு நிறுத்தியிருந்தார்கள். ஊர் உலகத்தில் எல்லாரும் இரண்டு எஞ்சினைப் பக்கம் பக்கமாக வைப்பார்கள். வெள்ளைக்காரன் இதில் ஒன்றன் தலைமேல் இன்னொன்றை ஏற்றியிருந்தான். அவற்றைக் கழற்றிய பிறகு வாலில் இரண்டு ஓட்டை மிச்சம்... மேலே ஒன்று, கீழே ஒன்று. ஆள் தவழ்ந்து போகலாம். விடிந்தால் திறப்பு விழா. அதற்குள் புறாக்கூட்டைச் சுரண்டிவிட்டு, இரண்டையும் தகடு வைத்து அடைக்க வேண்டும்.

ஐயப்பன் வெல்டர். மேல் ஓட்டைக்குள் நுழைந்தவன் அவர் மனைவியின் தம்பி கார்மேகம், ஒல்லிப்பிச்சான். "ஜெட்டு ஓட்டப் போறேன் மாமா" என்று சிரித்துக்கொண்டே போனான்.

முகமூடி போட்ட வெல்டருக்குத் தீப்பொறி தவிர எதுவும் தெரியாது. அதனால் அவர்களுக்குள் ஒரு பழக்கம். வெளியே வந்தவன் வெல்டரின் முதுகில் தட்டி, முடிந்தது என்பதற்கு அரபியில் "கலாஸ்" என்பான். கீழ் ஓட்டையை அடைத்து முடிக்கும்போது முதுகில் ஒரு தட்டு விழுந்தது. "கலாஸ் மாமா." பாவி மனுஷன் திரும்பிப் பார்க்கவில்லை. மேல் ஓட்டையையும் அடைத்தார்.

முகமூடியைத் தூக்கினார். பக்கத்தில் கார்மேகம். சட்டையில் ஒரு பொட்டு வியர்வை இல்லை... புறா எச்ச நாற்றமும் இல்லை...

டங்... டங்... உள்ளேயிருந்து.

"மாமா... நான் இன்னும் உள்ளதான் இருக்கேன் மாமா..."

பக்கத்தில் நின்றவன், "யல்லா, கெளம்பு மாமா, நேரமாச்சு" என்றான்.

எது மச்சினன், எது பேய் என்று ஐயப்பனுக்குத் தெரியாமல் இல்லை. அந்தச் சட்டையே சொல்லிவிட்டது. ஆனால் திறந்தால் பக்கத்தில் நிற்கும் இவன் என்ன செய்வானோ என்று நடுங்கிப்போனார். தனக்கு மிஞ்சித்தானே தானமும் தர்மமும். வண்டியை எடுத்தார். இவனும் ஏறிக்கொண்டான்.

காலையில் வந்து திறந்துவிடலாம் என்றுதான் நினைத்தார். காலையில் அங்கே போலீஸ், பேண்டு வாத்தியம், பெரிய மனிதர்கள். பேண்டு ஓய்ந்த ஒரு நொடியில்... டங். யாரும் காதில் வாங்கவில்லை. ஐயப்பன் எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினார். அதன்பிறகு அந்தச் சாலைப் பக்கமே போகவில்லை.

மறு வருஷம் லீவில் ஐயப்பனும் இவனும் ஊருக்குப் போனார்கள். தம்பியைக் கட்டிக்கொள்ள ஓடிவந்த ஐயப்பனின் மனைவி ஜோதிமணி பாதியிலேயே நின்றுவிட்டாள். புருஷனைப் பார்த்தாள்.

"என் தம்பி எங்க?"

பக்கத்தில் நின்றவன்தான் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, கார்மேகத்தின் குரலில் பதில் சொன்னான்...

"மூணாம் நாளே தட்டுறத நிறுத்திட்டான்க்கா."