காத்து அடிக்கிற பக்கம்

அஜிஷா: ...அந்த வளைவு திரும்பினதும் ஒரு கோபுரம் தெரியுதா அப்பா?

சிலுவை: தெரியுது. உருண்டையா, கல்லு கோபுரம். நம்ம கடியப்பட்டணம் கோயிலுக்க பாதி உயரம் வருமா?

அஜிஷா: பாதி கூட வராது. ஆனா எண்ணூறு வருசம் பழசு. இங்கிலாந்துல இந்த நார்ஃபோக் பக்கம் ரெண்டு மைலுக்கு ஒண்ணு நிக்கும்.

குளோரி: ஆளே இல்லாத ஊருல எண்ணூறு வருசமா யாருட்டி பூசை வச்சா?

அஜிஷா: ஆளு உண்டும்மா. நீங்க டிவியில பாக்கது நான் சனிக்கிழம காலைல சைக்கிள்ல போவும்போ எடுத்தது. எல்லாரும் உறக்கம்.

குளோரி: ரோட்ட பாருங்க, நடுவுல புல்லு முளைச்சு கெடக்கு. புல்லு முளைக்கணும்னா எத்தன வண்டி போவும்?

அஜிஷா: மணிக்கூருக்கு ரெண்டு காரு வந்தா அதிகம். அதும் நம்மள கண்டா வேலியோரம் ஒதுக்கி நிப்பாட்டி, கைய காட்டிட்டு போவாவ.

சிலுவை: சைக்கிளுக்கு காரு ஒதுங்குமா?

அஜிஷா: ஒதுங்கும்பா.

சிலுவை: நம்ம திங்கச்சந்தை ரோட்டுல இடிச்சிட்டு, ஏன் குறுக்க வந்தேன்னு நம்மகிட்டயே கேப்பான்.

குளோரி: ரெண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு வேலி. வெள்ள வெள்ளயா பூவு... ஒரு பிளாஸ்டிக் கவரு கூட கெடக்கல்ல.

அஜிஷா: மே மாசம் முழுக்க அப்படித்தான்மா. இந்த சுத்து மொத்தம் நாப்பது மைலு. ஆறு மணிக்கு எறங்கினா ஏழு ஊரு, நாலு கோபுரம், ஒரு ஓடை. ஓடைக்கு பாலம் கிடையாது. தண்ணி ரோட்டு மேலயே போவும். கால தூக்கிட்டு அப்படியே உள்ள விட்டுரணும்.

குளோரி: ரெண்டு வருசம் முன்ன நர்சு வேலைக்கு பிளேன் ஏறும்போ ஒனக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது. இப்போ நாப்பது மைலு. யாரு சொல்லித்தந்தா?

அஜிஷா: நானாதான் படிச்சேன்... அம்மா, இப்போ ஒரு பெட்டி வரும், அத பாருங்க.

குளோரி: நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க. முட்டை அடுக்கி வச்சிருக்கு. கடக்காரன் எங்க?

அஜிஷா: கடக்காரனே கிடையாது. முட்டைய எடுத்துட்டு, காச அந்த டப்பாவுல போட்டுட்டு போவணும்.

குளோரி: போடாம போனா?

அஜிஷா: போடுவாவ.

குளோரி: மாதாவே... அப்படியும் ஒரு ஊரா.

சிலுவை: காத்து உண்டும்லா அங்க?

அஜிஷா: காத்தா? கடலு பத்து மைலுதான். இங்க ஏறுறதுக்கு மலை கிடையாதுப்பா, காத்துதான் மலை. எதுத்து அடிச்சா ஒரு மைலு போறதுக்குள்ள நாக்கு தள்ளிரும்.

சிலுவை: இந்தப் படத்துல அடிக்கது வாடை, வடக்க இருந்து வாற காத்து.

அஜிஷா: ஒங்களுக்கு எப்படி தெரியும்?

சிலுவை: காலைல சூரியன் ஒனக்க முதுகுல. அப்போ நீ மேக்க போற. புல்லு தெக்க சாயுது. பொறவு வாடை இல்லாம, மேக்க இருந்து வாற கச்சானா?

அஜிஷா: டிவியில பாத்துட்டு இத சொல்லுதியளே...

சிலுவை: வேளிமலையையும் கோயிலு கோபுரத்தையும் ஒரே நேரா கொண்டுவந்து, கடல்ல வலை போட்ட எடத்த கண்டுபிடிக்கிறவனாக்கும் நான். முப்பத்தஞ்சு வருசம். ஒனக்க நார்ஃபோக்கு இப்போ எனக்கு மனப்பாடம். இந்த கோபுரமும் அந்த ஒத்த மரமும் நேரா வந்தா, அடுத்தது எடது கைப்பக்கம் பன்னிப் பண்ணை.

அஜிஷா: ...சரிதான். பன்னிதான் வருது.

குளோரி: இவரு காலைல சாயா குடிக்கதே ஒனக்க படத்த பாத்துதான். சரி, நீ பேச்ச மாத்தாத. மஸ்கட் மாப்பிள வீட்டுக்காரங்க ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு பதில் கேட்டு வருவாவ. நான் என்ன சொல்லட்டும்?

அஜிஷா: அம்மா... அடுத்த வாரம் சொல்லட்டுமா?

குளோரி: நாலு மாசமா அடுத்த வாரம். நல்ல வேல, நல்ல குடும்பம், நம்ம சபை. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. ஆனா காரணம் சொல்லு.

அஜிஷா: காரணம்னு... ஒண்ணும் இல்ல.

குளோரி: ஒண்ணும் இல்லியா? சரி. எனக்கு அடுப்புல எண்ணெ காயுது, முந்திரிக்கொத்து பொரிக்கணும். வாறவங்களுக்கு வெறும் சாயாவா குடுக்கது? நீ அப்பாட்ட பேசு.

அஜிஷா: ...அம்மாக்கு கோவமா?

சிலுவை: அவ கெடக்கா. அடுத்த படம் வந்தாச்சு. இது நல்லாருக்கு மக்கா. மஞ்ச சட்ட போட்டு நீ முன்னால மிதிச்சிட்டு போற. ரெண்டு பக்கமும் பச்சக் கோதும. இத எப்படி எடுத்த? எப்பவும் ஃபோன சைக்கிள் கைப்பிடியிலதானே கெட்டி வைப்ப?

அஜிஷா: அது... ஒரு மதில்ல வச்சு எடுத்தேன் அப்பா.

சிலுவை: மதில்லயா?

அஜிஷா: ஆமா.

சிலுவை: அரை மைலு தூரம் மதிலும் ஒனக்க பின்னால வருதே. இல்ல, அந்த ஊருல காரு ஒதுங்குது, முட்ட தானா விக்குது. மதிலும் நடக்குமா இருக்கும்.

அஜிஷா: கூட வேல செய்யுற ஒருத்தி வந்தா...

சிலுவை: ஒருத்தியா?

அஜிஷா: அப்பா, சிக்னல் சரியில்ல.

சிலுவை: எனக்கு நல்லா கேக்குது. சூரியன் முதுகுல இருந்தா, ஒனக்க நிழலு முன்னால ரோட்டுல விழணும். விழுதா?

அஜிஷா: விழும்.

சிலுவை: ரெண்டு விழுது மக்கா. சத்தத்த எல்லாம் வெட்டிட்டு அனுப்பிருக்க. நிழல வெட்ட மறந்துட்ட.

அஜிஷா: எப்போ கண்டிய?

சிலுவை: அது ஆச்சு, மாசி மாசத்துல இருந்து. இருவத்திரெண்டு படம், எல்லாத்தயும் திரும்பத் திரும்ப பாத்தாச்சு. வடக்க இருந்து காத்து அடிச்சா அந்த நிழலு ஒனக்கு வலது பக்கம் நிக்குது. தெக்க இருந்து அடிச்சா எடது பக்கம் நிக்குது. ஒரு படத்துல நடுவழியில காத்து மாறிச்சு. ரெண்டு நிமிசத்துல நிழலும் பக்கம் மாறிட்டு. ஒனக்க நிழலு தலைய திருப்பவே இல்ல.

அஜிஷா: நான் கவனிச்சதே இல்ல அப்பா.

சிலுவை: எப்படி கவனிப்ப? காத்து ஒனக்கு மேல பட்டாதானே. அழாத. பேரு என்ன?

அஜிஷா: சிவபிரசாத். எங்க ஆஸ்பத்திரியில பிசியோ. பூதப்பாண்டிக்காரன். அவங்க வீட்டுல வயலு, வாழத்தோட்டம்... நம்ம சபை இல்ல, மதமே வேற அப்பா. அதுனாலதான் நான் வாய தொறக்கல்ல. சைக்கிள் படிப்பிச்சதும் அவன்தான். ...ஏதாவது சொல்லுங்க.

சிலுவை: கடல்ல வள்ளத்துக்கு பாய்மரம் கெட்டி வரும்போ, காத்து அடிக்கிற பக்கம் ஒரு ஆளு போயி ஏறி இருக்கணும். இல்லன்னா வள்ளம் சரியும். அடிக்கிற அலை எல்லாம் அவன் மூஞ்சியிலதான். எவனும் தானா போவ மாட்டான், பேரச் சொல்லி வெரட்டணும். சொல்லாம போயி இருக்கிறவன், எனக்க வயசுக்கு, ரெண்டு பேரத்தான் கண்டிருக்கேன்.

அஜிஷா: அப்பா...

சிலுவை: இவன் மூணாவது. அவ்வளவுதான் எனக்கு தெரியும்.

அஜிஷா: அப்போ மஸ்கட்காரங்க? அம்மா ஞாயித்துக்கிழமைக்கு பலகாரம் பொரிச்சிட்டு நிக்கா. பாவம்... அவகிட்ட யாரு சொல்லுவா?

சிலுவை: குளோரி... இஞ்ச வா. ஒனக்க மோளு வாய தொறந்தாச்சு.

குளோரி: கேட்டுட்டுதான் நிக்கேன். மஸ்கட்காரங்களுக்கு போன மாசமே வேண்டாம்னு சொல்லியாச்சு மக்கா, ஞாயித்துக்கிழம வருவாவன்னது ஒனக்க வாய தொறக்க வைக்கத்தான். அந்த ரெண்டாவது நிழல மொதல்ல கண்டது நானாக்கும்... முந்திரிக்கொத்துக்கு மாவு பெசஞ்சிட்டேன், எந்த வீட்டுக்கு கொண்டு போவணும்னு மட்டும்தான் தெரியாம இருந்துது. நாகரோயில்ல இருந்து பூதப்பாண்டிக்கு எத்தன மணிக்கு பஸ்சுன்னு அந்தப் பையன்ட்ட கேட்டு சொல்லு.