சட்டைக்குள் மின்னிய பச்சை விளக்கு

பெயர்: மாரிச்செல்வம், வயது 34, த/பெ சண்முகையா (காலஞ்சென்றவர்), கீழக்களத்துத் தெரு, சங்கரன்கோவில். தொழில்: விசைத்தறி ஃபிட்டர். 16.10.2025 வியாழக்கிழமை மாலை 4 மணிக்கு, தலையில் தையல் போடப்பட்டு காவலர் பாதுகாப்பில் நான் சிகிச்சையில் இருக்கும் வார்டில், காவல் ஆய்வாளர் விசாரிக்க, யாருடைய மிரட்டலும் இல்லாமல் நான் சொல்வதாவது:

நான் மேற்படி விலாசத்தில் என் தாயார் பேச்சித்தாயுடன் குடியிருந்து வருகிறேன். பன்னிரண்டு வருடங்களாகத் தறிக்கூடங்களில் பழுதான தறிகளைக் கழற்றி மாட்டும் வேலை செய்கிறேன். எனக்கு உடன்பிறந்தவள் ஒருத்திதான். பெயர் இசக்கிசெல்வி, வயது 24. என் தகப்பனார் இறந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. அவளை வளர்த்து ஆளாக்கியது நான்தான் என்று ஊரில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சென்ற வருடம் தை மாதம் வாசுதேவநல்லூரில் மினி லாரி ஓட்டும் பேச்சிராஜா, வயது 29, என்பவருக்கு அவளைக் கட்டிக் கொடுத்தோம். எனக்கும் அவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துப்போகவில்லை. பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. நான் கோபமாகப் பேசினால் அவர் சிரிப்பார். எனக்கு அது பிடிக்காது.

சென்ற மாதம் 21-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை என் தங்கை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்போது அவள் கர்ப்பமாகி ஆறு மாதம் முடிந்திருந்தது. அவள் முகம் வீங்கியிருந்தது. கண் பாதிதான் திறந்தது. அடித்தானா என்று கேட்டேன். இல்லை, காலும் இப்படித்தான் வீங்கியிருக்கிறது, காலையில் எழுந்தால் தலை வலிக்கிறது என்று சொன்னாள். புருஷனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று நான் முடிவு செய்துகொண்டேன். அதன் பிறகு அவளை வீட்டில் விட்டுவிட்டு பைக்கில் வாசுதேவநல்லூர் போய், பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்த பேச்சிராஜாவைச் சட்டையைப் பிடித்து இழுத்து, பலர் பார்க்கக் கன்னத்தில் நான்கு அறை அறைந்தேன். அவர் திருப்பி அடிக்கவில்லை. அன்றைக்குச் சிரிக்கவும் இல்லை. உதட்டைத் துடைத்துக்கொண்டு, “அடுத்த தடவ வாரப்ப நானும் வெறுங்கையோட நிக்க மாட்டேன் மச்சான், பாத்துக்கிடுங்க” என்று சொன்னார். அந்தச் சொல் என் மண்டைக்குள்ளேயே கிடந்தது. மறுநாள் அவர் வந்து என் தங்கையை அழைத்துப் போனார். நான் வீட்டில் இருந்தும் வெளியே வரவில்லை.

அந்த வீக்கம் ரத்தக் கொதிப்பால் வந்தது என்று இப்போது தெரிகிறது. என் தங்கை வீட்டுக்கு வந்த அன்றே அதை டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டும். நான் அதற்குப் பழிபோட ஆள் தேடிப் போனேன்.

14.10.2025 செவ்வாய்க்கிழமை காலை சுமார் பத்தரை மணிக்கு நான் தறிக்கூடத்தில் வேலையில் இருந்தபோது, உடன் வேலை செய்யும் லிங்கேஷ் என்பவர், என் தங்கைக்கு ஞாயிற்றுக்கிழமை வலிப்பு வந்து, தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் பெயரைச் சொல்லி, அங்கே ஆபரேஷன் பண்ணிப் பிள்ளையை எடுத்துவிட்டார்கள், அவள் இன்னும் நினைவில்லாமல் கிடக்கிறாள், உனக்குத் தெரியாதா என்று கேட்டார். எனக்குத் தெரியாது. என் தாயார் இரண்டு நாளாகக் கோவிலுக்கு என்று சொல்லிவிட்டு அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறார். என் கோபத்துக்குப் பயந்து என்னிடம் சொல்லவில்லை. வலிப்பு என்று கேட்டதும் பேச்சிராஜா வயிற்றில் மிதித்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை. தறியில் கழற்றிப் போட்டிருந்த இரண்டடி இரும்புக் கம்பி ஒன்றைச் சாக்கில் சுற்றி பைக்கில் வைத்துக்கொண்டேன். அது தற்செயலாகக் கையில் இருந்தது என்று சொல்லச் சொல்லிச் சிலர் யோசனை சொன்னார்கள். அப்படி இல்லை. எடுத்துக்கொண்டுதான் போனேன்.

பதினொரு மணிக்கு மேல் மேற்படி தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். என் தங்கை மாடியில் தீவிர சிகிச்சையில் இருப்பதாகவும், இப்போது பார்க்க முடியாது என்றும் முன்னால் இருந்த பெண் சொன்னார். பிள்ளையைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏழு மாதத்தில் எடுத்தது கண்ணாடிப் பெட்டியில் இருக்கும், அல்லது இல்லாமல் போயிருக்கும் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் அந்தப் பெண் சொல்லியிருப்பார். அதன் பிறகு சாக்கில் சுற்றிய கம்பியோடு, பேச்சிராஜாவைத் தேடிக் கீழ்த்தளத்து நடையில் மருந்துக்கடையைப் பார்த்துப் போனேன்.

அங்கே பேச்சிராஜா தனியாக நின்றார். லுங்கியும் முழுக்கைச் சட்டையும் போட்டிருந்தார். சட்டை கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தது. நெஞ்சுப் பக்கம் சட்டை புடைத்திருந்தது. அதற்குள் ஏதோ பச்சை விளக்கு ஒன்று விட்டு விட்டு மின்னியது. அவருடைய வலது கை பொத்தான்களுக்கு நடுவில் சட்டைக்குள் இருந்தது. எங்கள் பக்கத்தில் சண்டைக்கு வருகிறவன் சட்டைக்குள் கை வைத்திருந்தால் அதற்கு ஒரு அர்த்தம்தான் உண்டு. வெறுங்கையோடு நிற்க மாட்டேன் என்று சொன்னவர், சொன்னபடி நிற்கிறார் என்று நினைத்தேன். நான் முந்திக்கொள்ள வேண்டும் என்று ஓடினேன்.

அவர் என்னைப் பார்த்ததும் முதுகைத் திருப்பினார். திரும்பிக்கொண்டே, “மச்சான், நில்லுங்க, நெஞ்சுல” என்றார். முடிக்க நான் விடவில்லை. கம்பியால் வாயில் அடித்தேன். தாடை ஒரு பக்கமாகப் போனது. பல் தரையில் விழுந்ததைப் பார்த்தேன். அதன் பிறகு தோளில் அடித்தேன். அதன் பிறகு இடது முழங்கையில் அடித்தேன், எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்போதும் வலது கையை அவர் சட்டையிலிருந்து எடுக்கவில்லை. தலையைக் காப்பாற்றக்கூடக் கை தூக்கவில்லை. உள்ளே இருப்பதை உருவத்தான் பார்க்கிறார் என்று எனக்கு வெறி ஏறியது. அவர் சுவரைப் பார்த்து முட்டி போட்டுக் கூனிக்கொண்டார். முதுகில் அடித்தேன். அவர் வாயிலிருந்து ரத்தமும் காற்றும்தான் வந்தது.

அப்போது அவர் சட்டைக்குள்ளிருந்து கீச் கீச்சென்று விடாமல் ஒரு சத்தம் வந்தது. செல்போன் என்று நினைத்தேன். அந்தச் சத்தத்துக்குப் பிறகும் ஒரு அடி அடித்தேன். ஆகமொத்தம் பேச்சிராஜாவை ஐந்து அடி அடித்தேன். அடுத்து ஓங்கும்போது நர்ஸ் ஞானபூரணம் என்பவர் எங்கிருந்தோ ஓடிவந்து பேச்சிராஜாவின் முதுகின் மேல் விழுந்தார். அந்த அடி நர்ஸின் வலது மணிக்கட்டில் பட்டது. அவர் வலியில் கத்தவில்லை. என் முகத்தைப் பார்த்து, “ஏலே, உள்ளுக்குள்ள பிள்ள இருக்கு. உன் தங்கச்சி பிள்ள” என்றார்.

கம்பி என் கையிலிருந்து விழுந்துவிட்டது. நர்ஸ் இடது கையால் பொத்தான்களைப் பிய்த்தார். உள்ளே துணியால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, தவளை மாதிரிக் கால்களை மடக்கி, பேச்சிராஜாவின் தோலோடு தோலாக ஒரு பெண் குழந்தை ஒட்டியிருந்தது. தலையில் குல்லாய். என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுதான். உதடு நீலமாக இருந்தது. மார்பைச் சுற்றி இரண்டு விரல் அகலத்தில் ஒரு பட்டை, அதில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கருவி. அதில் விளக்கு சிவப்பாக இருந்தது. சத்தம் அதிலிருந்துதான் வந்தது. பேச்சிராஜா சுவரோடு கூனியதில் நசுங்கிக் குழந்தைக்கு மூச்சு நின்றிருக்கிறது.

நர்ஸுக்கு ஒரு கைதான் வேலை செய்தது. குழந்தையை மருந்துக்கடை மேடையில் கிடத்தி, தலையை நிமிர்த்தி, வாயைத் துடைத்து, பிறகு என்னைப் பார்த்து, “அடிச்ச கைய நீட்டு. உள்ளங்கால தேய், நிறுத்தாத” என்றார். நான் தேய்த்தேன். என் கட்டைவிரலில் பேச்சிராஜாவின் ரத்தம் இருந்தது, அது குழந்தையின் காலில் பட்டது. என் விரல் அளவுகூட அந்தப் பாதம் இல்லை. நர்ஸ் குனிந்து தன் வாயால் கொஞ்சம் கொஞ்சமாக ஊதினார். அதற்குள் டாக்டர் முகமூடியும் பையுமாக ஓடிவந்தார். எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. நான் சாமி கும்பிடவில்லை. என்னைக் கொன்றுவிடுங்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததாக நினைவு. பிறகு அந்தக் கால் என் விரலை உதைத்தது. சத்தம் நின்றது. விளக்கு பச்சையானது.

அதன் பிறகு குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். அதன் பிறகு நடையில் இருந்தவர்கள் என்னைக் கீழே தள்ளி மிதித்தார்கள். ஒருவர் நாற்காலியால் தலையில் அடித்தார். நான் கை தூக்கவில்லை. என்னை அடித்தவர்கள் மீது எனக்குப் புகார் கிடையாது.

நேற்று என் தாயார் வந்து சில விஷயங்களைச் சொன்னார். என் தங்கையை வாரா வாரம் ரத்தக் கொதிப்பு பார்க்க அந்த ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்தது பேச்சிராஜாதான். குழந்தை ஒரு கிலோ அறுநூறு கிராம். தாய் எழ முடியாததால், தகப்பன் நெஞ்சுச் சூட்டில் வைத்தால் பிழைக்கும் என்று டாக்டர் சொல்ல, லாரி வேலையை விட்டுவிட்டு இரண்டு நாளாக அவர் அப்படியே சுமந்திருக்கிறார். மூச்சோ சூடோ குறைந்தால் கூப்பிடுவதற்குத்தான் அந்தப் பட்டை. அன்று என் தங்கைக்கு ஊசி மருந்து அவசரமாக வேண்டியிருந்தது, அனுப்ப வேறு ஆள் இல்லை. அதற்காகத்தான் குழந்தையோடு நடைக்கு வந்திருக்கிறார். சட்டைக்குள் கை வைத்திருந்தது குழந்தையின் கழுத்து மடங்காமல் பிடிக்க. இப்போது அவருக்குத் தாடையைக் கம்பியால் கட்டி, இடது கையில் மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். பேச முடியாது. ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் வலது கையால் தன் நெஞ்சைத் தட்டித் தட்டிக் காட்டினாராம். குழந்தையைக் கொண்டுவந்து மறுபடி அங்கேயே கட்டி வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை என்று அவரை நான் இனிக் கூப்பிட முடியாது.

என் தங்கை நேற்று மதியம் கண் விழித்தாள். நடந்தது எதையும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் என் தாயாரிடம் முதலில் கேட்டது, “அண்ணன் வந்தானாம்மா, பிள்ளையப் பாத்தானா?” என்பது. என் தாயார் ஆமாம் என்று சொல்லியிருக்கிறார். பிள்ளைக்கு முதல் மொட்டை தாய்மாமன் மடியில் வைத்துத்தான் எடுக்க வேண்டும், அதற்காவது இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள் என்று சொல்லி அவள் சிரித்தாளாம்.

மேற்படி வாக்குமூலத்தை ஆய்வாளர் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருந்தது. அதன் பிறகு, குழந்தையின் பட்டையில் பதிவானதை ஆஸ்பத்திரியில் அச்சடித்துக் கொடுத்த தாளைக் காட்டினார். குழந்தை குலுங்கிய ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு கோடு எழும்பியிருக்கிறது. 11 மணி 14 நிமிடத்தில், நர்ஸ் மேல் பட்டதைத் தவிர, தகப்பன் மேல் விழுந்த அடிகள் ஏழு. சத்தம் எழுந்த பிறகு விழுந்தவை இரண்டு. என் நினைவில் ஐந்தும் ஒன்றும்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பிள்ளை நெஞ்சில் இருந்த கணக்கை நான் மறுக்கவில்லை. மேலே ஐந்து அடி என்று உள்ளதை ஏழு என்றும், சத்தத்துக்குப் பிறகு ஒரு அடி என்று உள்ளதை இரண்டு என்றும் திருத்தி எழுதிக்கொள்ளச் சொன்னேன். இரண்டு இடத்திலும் பக்கத்தில் என் கையெழுத்து இருக்கிறது. இப்படித் திருத்தியபடி நான் சொன்னது எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ச. மாரிச்செல்வம்

என் முன்பாக,
(ஒப்பம்) காவல் ஆய்வாளர்