வெறும் படகு

– இன்னும் எத்தனை தடவைதான் அந்தக் கயிறை இழுப்ப? தோள்பட்டை கழண்டுடும். குடு, நான் இழுக்கறேன்.

– உட்கார்ந்த இடத்துலயே இருங்க. படகை ஓட்டுறது நான், எஞ்சினும் என் பாடு.

– சரிம்மா தாயே. டிக்கெட் கிழிக்கிற ஆளுக்கு எதுக்கு எஞ்சின்!

– கரையில அவர் வந்துட்டாரா பாருங்க.

– குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. தான் வாங்கப்போற படகு நடுத்தண்ணியில நின்னுபோனதை வேடிக்கை பார்க்கறாரு.

– பார்க்கட்டும். ஒரு வட்டம் ஓட்டிக் காட்டிக் குடுத்துட்டா தீர்ந்துச்சு. நான் எங்க அண்ணன் வீட்டுக்கு, நீங்க உங்க வழிக்கு.

– அதுல மாத்தமே இல்லையா?

– இல்ல. பெட்ரோல் இருக்கா, சொல்லுங்க.

– டாங்க் நிறைய இருக்கு. காலையில நான்தானே ஊத்தினேன்.

– டாங்க் மூடியில காத்து போற திருகும் திறந்துதான் இருக்கு. இருங்க இருங்க, பிளக்கைக் கழட்டிப் பார்க்கறேன்.

– என்ன சொல்லுது பிளக்கு?

– காஞ்சு கிடக்கு. இவ்வளவு இழுத்ததுக்கு ஈரமாயிருக்கணும். அப்ப எஞ்சினுக்குப் பெட்ரோலே வரல.

– எனக்கென்னவோ இதுக்கு உன்னை விட்டுப் போக மனசில்லன்னு தோணுது.

– இரும்புக்கு மனசு வேறயா? ஆனா இதுல ஒரு கூத்து இருக்குங்க. ஆளை ஏத்திக்கிட்டு போறப்ப ஒருநாளாவது இது மக்கர் பண்ணியிருக்கா?

– அப்படியா சொல்ற?

– நான் தனியா போனாலும் பண்ணாது. மெக்கானிக் ஏறினா புலி மாதிரி உறுமுது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு இறங்கிப் போறாரு. ஆளுங்களை இறக்கிட்டு, நீங்களும் நானும் வெறும் படகா திரும்பறப்பதான் நின்னு தொலைக்குது.

– அப்ப நம்ம ராசி அப்படி.

– ராசியாவது மண்ணாவது. எஞ்சின் நிக்குதுன்னா காரணம் இருக்கும். ஆள் இருக்கறப்ப நீங்க எங்க நிப்பீங்க?

– முன்னாடி. கரையில கட்டுற கயிறைப் பிடிச்சுக்கிட்டு.

– திரும்பறப்ப?

– இங்கதான், இந்தப் பின்பலகையில.

– முன்னல்லாம் எதிர்ப்பலகையில என்னைப் பார்த்துதானே உட்காருவீங்க?

– என் மூஞ்சிக்கு நேரா உட்காராதீங்கன்னு நீதானே சொன்ன.

– சொல்லாம என்ன பண்ணுவேன்? படகு நிறைய ஆளை வெச்சுக்கிட்டு, "பொம்பளை ஓட்டுற படகு, எல்லாரும் கெட்டியா பிடிச்சுக்கோங்க"ன்னீங்க. அத்தனை பேரும் சிரிச்சாங்க. நான் அழுகையை அடக்கிக்கிட்டு அக்கரை வரைக்கும் ஓட்டினேன்.

– விளையாட்டா சொன்னேன்.

– உங்களுக்கு விளையாட்டு. எனக்கு அன்னையோட உங்ககிட்ட பேச்சே விட்டுப்போச்சு. சரி, அதை விடுங்க, பெட்ரோலை இழுத்துக் குடுக்கிற இந்த ரப்பர் பம்பைப் பாருங்களேன். அமுக்கினா மறுபடி உப்பி வரணும். இது அமுங்கினபடியே கிடக்கு. டாங்க்லேர்ந்து இதுக்கு வர்ற குழாய்லதான் அடைப்பு. இருங்க இருங்க, குழாய் எப்படிப் போகுது?

– அதையெல்லாம் எதுக்கு நோண்டற?

– பலகைக்கு அடியில போகுது. அதுவும் ஆணி கழண்ட பலகை. எழுந்திருங்க.

– இப்பவா?

– எழுந்திருங்கன்னா! அட, உப்புது பாருங்க! இப்ப உட்காருங்க, அமுக்கிப் பார்க்கறேன். போச்சு, அப்படியே கிடக்கு. மறுபடி எழுந்திருங்க.

– உட்காரு எழுந்திருன்னா, நான் என்ன தராசுத் தட்டா?

– குழாய் மேல உட்கார்ந்துகிட்டு ராசியாம்ல ராசி! பிளக்கை மாட்டிட்டேன். பம்பையும் அமுக்கியாச்சு. நின்னபடியே இருங்க, இழுக்கறேன். ஏய்! பிடிச்சிடுச்சு! கேக்குதா?

– கேக்குது.

– இந்த எஞ்சினையா சீக்குன்னு தள்ளிவிடப் பார்த்தேன்? எவ்வளவு அழகா ஓடுது!

– ம்.

– என்ன ம்? முகத்தை ஏன் தொங்கப் போடறீங்க? தெரியாமதானே உட்கார்ந்தீங்க, நான் ஒண்ணும் திட்டமாட்டேன்.

– தெரியும்.

– என்னது?

– முதல் நாள் தெரியாது. அப்புறம் தெரியும்.

– தெரிஞ்சே உட்கார்ந்தீங்களா? அந்த மெக்கானிக் முன்னாடி என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்டு? எதுக்குங்க?

– எஞ்சின் ஓடினா நீ வாயே திறக்கறதில்ல. நின்னாத்தான் என்கிட்ட பேசற.

– அதுக்காக எஞ்சினையா நிறுத்துவீங்க?

– அன்னைக்கு நான் சொன்னது தப்புதான். எல்லார் முன்னாடியும் சொன்னேன், எல்லார் முன்னாடியும் தப்புன்னு சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வரல. சரி, கரைக்கு விடு. அவர் கையாட்டிக் கூப்பிடறாரு.

– ஆட்டட்டும். நீங்க அதே பின்பலகையில உட்காருங்க.