பிரேக் எடுத்த கிரேன்

— நோட்ஸ்ல இருக்கிறதை ஒப்பிச்சாலே போதும்மா. ரெண்டு வருஷமா இதே வாய்மொழித் தேர்வுல, இதே கவிதையில ஃபெயில் ஆகியிருக்கீங்க. இதுதான் கடைசி வாய்ப்பு. போச்சுன்னா பட்டம் கிடையாது.

— தெரியும் சார். ஒப்பிக்கலாம்னுதான் வர்றேன், வாய் வரமாட்டேங்குது. தினமும் காத்தோட குடித்தனம் நடத்துறவ நான்.

— அப்படி என்ன வேலை?

— கிரேன் ஓட்டுறேன். இருபது மாடி உசரத்துல.

— பார்த்தா தெரியல. சரி, விஷயத்துக்கு வாங்க. 'புயலே, என் கட்டை அவிழ்'னு கவிஞன் கெஞ்சுறானே, ஏன்?

— வாழ்க்கை வெறுத்து சாகத் துணிஞ்சுட்டான்னு நோட்ஸ்ல இருக்கு.

— அதை எழுதினதே நான்தான்.

— கோவிச்சுக்காதீங்க சார், அது தப்பு.

— மார்க் போடுறவன் மூஞ்சிக்கு நேராவே சொல்றீங்க. சரி, மேலே சொல்லுங்க.

— பெருங்காத்து வருதுன்னா, கிரேனை விட்டு இறங்குறதுக்கு முன்னாடி என்ன செய்வோம், சொல்லுங்க பார்ப்போம்.

— கேள்வி கேக்கிறது நானா நீங்களா? அசையாம இறுக்கிப் பூட்டிட்டு வருவீங்க, வேற என்ன?

— பூட்டினா போச்சு சார். காத்து கிரேனோட நீளக் கையில பக்கவாட்டுல மோதி, அடியோட சாய்ச்சிடும். அதனால பிரேக்கை எடுத்துவிட்டுடுவோம். காத்து போற பக்கம் கை தானா திரும்பிக்கும். எல்லாம் ஓய்ஞ்சப்புறம் போய்ப் பார்த்தா, நட்ட இடத்துல நட்டபடி நிக்கும்.

— அப்போ இந்தக் கவிஞன்...

— சாகக் கேக்கல சார். நிக்கக் கேக்குறான்.

— ...கொஞ்சம் இருங்க. இந்த ஜன்னல்ல தெரியுதே, மஞ்சள் கிரேன். போன மாசப் புயல்ல, உள்ள ஆளே இல்லாம அது பாட்டுக்குத் திரும்பிக்கிட்டு இருந்துச்சு.

— பிரேக் எடுத்திருந்தோம்.

— நான் என்னமோ ஏதோன்னு பதறி, ஓட்டுறவங்களுக்குப் பொறுப்பில்லைன்னு கம்பெனிக்கு ரெண்டு பக்கம் புகார் எழுதிப் போட்டேன். அந்த கிரேன்...

— என்னோடதுதான். புகாரையும் என் கையிலதான் கொடுத்தாங்க.

— மன்னிச்சுடுங்கம்மா. இந்தாங்க, தொண்ணூறு. பாஸ். இன்னிக்கே நோட்ஸையும் திருத்திடுறேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. போன வருஷமே இதைச் சொல்லியிருக்கலாமே?

— தப்புன்னு அப்பவே தெரியும் சார், எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. 'கட்டு அவிழ்ந்து, காற்றின் போக்கில் தலையாட்டிக்கொண்டு, விழாமல் நிற்கிறது'ன்னு உங்க புகார்ல படிச்சப்போதான் கவிதை புரிஞ்சுது.