ஆட்டோமேட்டிக்கை ஒழித்துக்கட்டிய விதம்

மனிதனைக் குரங்கிலிருந்து பிரித்துக் காட்டுவது கிளட்ச் ஒன்றுதான். எங்கள் டிரைவிங் ஸ்கூலுக்கு வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்வேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, பக்கத்து மேசைக்குப் போய் என் மனைவியிடம் பெயர் கொடுப்பார்கள். அவள் கிளட்ச்சே இல்லாத ஆட்டோமேட்டிக் கற்றுத்தருகிறாள்.

எனக்குப் பொறாமை கிடையாது. என் வண்டி வெயிலில் சும்மா காய்ந்தபோதுகூட நான் வருந்தியது கலைக்காகத்தான்.

அந்தச் சமயம் அவள் கார் மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. கிளம்ப கியரை 'டி'யில் போட்டால் யோசிக்கும், இன்ஜின் உறுமும், பிறகு ஒரே தூக்காகத் தூக்கிப்போடும். இப்படியே போனால் விற்றுவிடலாம் என்றாள். போகிற உயிரை இழுத்துக்கொண்டு கிடக்கவிடுவது பாவமாகப் பட்டது எனக்கு.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ரத்தம் அந்தச் சிவப்பு எண்ணெய்தான். அதன் அழுத்தத்தில்தான் கியரே மாறும். குறைந்தால் உள்ளே தகடுகள் வழுக்கி, உரசி, கருகும். அவள் சாப்பிடப் போகும்போதெல்லாம் அளவுகோல் செருகும் குழாயில் மெல்லிய டியூபை விட்டு, சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினேன். மேட்டில் வண்டி நின்றுபோனால் உள்ளே இருப்பவர்கள் கதி என்ன என்பீர்கள். எல்லோரும் பெல்ட் போட்டிருந்தார்கள். அந்த விஷயத்தில் எங்கள் ஸ்கூல் கண்டிப்பு.

கார் சாகவில்லை. உறுமல் அடங்கியது, தூக்கிப்போடுவதும் நின்றது. வெண்ணெய் மாதிரிப் போகிறது என்று அவள் பூரித்தாள். என்னிடம் மிச்சமிருந்த ஒரே மாணவரான பல் டாக்டரும் அவளிடம் மாறிக்கொண்டார்.

தானாகக் குணமான காரை அவளே மெக்கானிக்கிடம் காட்டினாள். நானும் கூடப் போனேன். அவன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"அக்கா, நுரை வழிஞ்ச கறை இருக்கு. எவனோ ஒரு அரைகுறை, வண்டி சூடாகுறதுக்கு முன்னாடியே அளவு பாத்து, கம்மியா இருக்குன்னு ஊத்தித் தள்ளியிருக்கான். சூட்டுல விரிஞ்சு, அளவுக்கு மேல போய், நுரைச்சிருச்சு. நுரைக்கு ஏது அழுத்தம்? அப்புறம் யாரோ விவரம் தெரிஞ்சவர் பதமா எடுத்துவிட்டிருக்காரு."

மனைவி என் சட்டைக் கையிலிருந்த சிவப்புக் கறையைப் பார்த்தாள். எடுத்தது நான்தான் என்றேன். நாசம் பண்ணத்தான் எடுத்தேன் என்பதையும் மறைக்கவில்லை. சதிகாரன் என்ற பெயரோடு ஒரு மனிதன் தலைநிமிர்ந்து வாழலாம்.

"சரி, அப்போ ஊத்தினது யாருங்க?" என்றாள்.

பழைய மாணவர் யாராவது இருக்கும் என்றேன்.

ஊற்றியதும் நான்தான்.